பழைய வீடு, கல்மண்டபம், அரசு மானியம்: யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி, 9 பிப்ரவரி 2024

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க தாத்தா கட்டின வீடு. நூறு வருஷம் தாண்டியாச்சு. டிசம்பர் மழையில பட்டாசல் (நடுக்கூடம்) கூரை ஒழுகி, உத்தரம் ஒண்ணு இத்துப்போச்சு. பழைய வீட்டைக் காப்பாத்த அரசு லட்சக்கணக்கில் மானியம் தருதுன்னு வாட்ஸ்அப்பில் வந்தது. யாருக்கு எழுதிப் போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

10 பிப்ரவரி 2024

தம்பி, அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இந்த விஷயமாக நான்கு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவன் நான். குடியிருக்கிற சொந்த வீட்டை, பழமையானது என்ற ஒரே காரணத்துக்காகப் பழுதுபார்க்கப் பணம் தரும் திட்டம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

மத்தியத் தொல்லியல் துறை 1958 சட்டப்படி தான் அறிவித்த சின்னங்களுக்குத்தான் செலவு செய்யும். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966 சட்டம். அதுவும் தன் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். அறநிலையத்துறை கோயிலைப் பார்க்கும். தேசியப் பண்பாட்டு நிதியம் என்று 1996இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு நானும் ஓடினேன். அது நன்கொடை வாங்கிப் பெரிய சின்னங்களுக்குச் செலவிடும் அறக்கட்டளை. கொடுப்பவருக்கு வரிவிலக்கு உண்டு. வீட்டுக்காரர் போய்க் கை நீட்டும் இடம் அது இல்லை.

வீட்டுக்கு மேலே இப்போதைக்குத் தார்ப்பாய் போடுங்கள். இத்துப்போன உத்தரத்துக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

10 பிப்ரவரி, ராத்திரி

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கதவை அடைத்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் ஊர்ப் பொதுவில் இருக்கிற பழையவற்றுக்கு வழி இருக்கிறது, நெளிந்து நெளிந்து போக வேண்டும். என் கதை அதுதான்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். படித்துறையில் பன்னிரண்டு தூண் கல்மண்டபம் ஒன்று. பக்கத்திலேயே ஒரு சுமைதாங்கி, கர்ப்பத்தோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக நட்டது. தலைச்சுமையோடு வந்தவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்கிய கல். என் அம்மா புல்லுக்கட்டை அதில் இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

2018 அக்டோபரில் மகாபுஷ்கரம் என்ற ஆற்று நீராடல் விழா நடந்தபோது கரை முழுக்கக் கூட்டம். அப்போது மண்டபத்தைக் கழுவிக் கோலம் போட்டார்கள். பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் வந்த வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை. ஆற்று வெள்ளம் மண்டபத்தின் கூரைக்கு மேலேயே போனது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், ஆற்றுப் பக்கத்துத் தூண் இரண்டு அடிமண் அரித்து ஒருக்களித்து நிற்கின்றன. கூரைக் கல் ஒன்று பிடி விட்டிருக்கிறது.

13 பிப்ரவரி

"மனு யார்கிட்ட குடுத்தீங்க?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மனு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒன்றரை வருடத்தை நான் வீணாக்கினேன்.

மண்டபம் யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. கோயில் அலுவலகத்தில் கேட்டேன். "எங்க சொத்துப் பதிவேட்டுல இல்லையே அண்ணாச்சி" என்றார்கள். பஞ்சாயத்தில், "அது கோயிலுக்குள்ளதுல்லா" என்றார்கள். தொல்லியல் பக்கம் கேட்டால், பாதுகாக்கப்பட்ட சின்னம் இல்லை என்று பதில். மூன்று பேர் சொன்னதும் பொய் இல்லை. யாரிடமும் அது இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் விஏஓ அலுவலகத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலம் ஒவ்வொன்றும் என்ன வகை, யார் பெயரில் என்று எழுதிய பதிவேட்டை, விரித்துப் பார்த்தோம். பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் பொரிந்து கிடக்கிறது. சர்வே எண்ணுக்கு நேரே விரலை வைத்து நகர்த்தினால், ஆற்றுப் புறம்போக்கு என்று இருக்கிறது. குறிப்புப் பத்தியில் சின்ன எழுத்தில் 'மண்டபம்' என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவரோ ஒரு கணக்குப்பிள்ளை வெயிலில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்.

ஆக இடம் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. இனி யாருக்கு எழுத வேண்டும் என்பது தெளிவு. உங்கள் ஊர்ச் சாவடி, தெப்பக்குளம், தண்ணீர்ப்பந்தல், எதுவானாலும் முதலில் அ-பதிவேடும், நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் பாருங்கள். நத்தமா, புறம்போக்கா, கோயில் பெயரில் பட்டாவா, பழைய இனாமா. மானியம் அந்த வரியைப் பார்த்துத்தான் வரும். பதிவேடு காட்ட மாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு போதும்.

14 பிப்ரவரி

இனாம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: சத்திரத்துக்கும் மண்டபத்துக்கும் முன்னோர் எழுதிவைத்த நிலங்களில் நிறைய, 1963 சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கை மாறின. நிலம் போனால் வருமானம் போச்சு, வருமானம் போனால் விளக்கு அணைந்துபோச்சு. கட்டடம் மட்டும் நிற்கிறது.

2 மார்ச்

திருத்தம். கிராமக் கோயில் திருப்பணிக்கு அறநிலையத்துறை தருவது 1 லட்சம் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். அது பழைய கணக்கு, பிறகு 2 லட்சமாக ஏற்றிவிட்டார்கள். துறையின் நேரடி நிர்வாகத்தில் இல்லாத சின்னக் கோயிலும் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிக் கோயில்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆயிரம் வருடம் தாண்டிய கோயில்களுக்கு என்று 2022-23 பட்ஜெட்டில் 100 கோடி தனியாக அறிவித்தார்கள்.

தொகையைத் திருத்தினால் மட்டும் போதாது, அதில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு அந்தப் பணம் வந்தது. கமிட்டியில் நானும் ஒருவன். என்ன செய்தோம்? முன்மண்டபத் தரையில் கல்லைப் பெயர்த்து டைல்ஸ் ஒட்டினோம். தூணுக்கு ஆயில் பெயிண்ட் அடித்தோம். அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளக் கல்லில்) ஒரு வரி எழுத்து இருந்தது, அதன் மேல் சிமெண்ட் பூசினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பூசாதே" என்று சொல்லத் தோன்றவில்லை, கோயில் பளபளவென்று ஆகிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்த எழுத்தை யாரும் படி எடுத்திருக்கவில்லை, ஒரு போட்டோகூட இல்லை. அது தமிழ் எழுத்தா, தமிழை எழுதப் பயன்பட்ட பழைய வட்டெழுத்தா என்பதைக்கூட இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. இந்தப் பாண்டிய நாட்டுப் பக்கம் சோழர் வரும்வரை வட்டெழுத்துதான் பெருவழக்கு. ஒரு ஊரின் வாயை நாங்களே அடைத்தோம் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் பணம் கிடைத்தவர்கள் முதல் நாளே, ஒரு செங்கல்லை அசைப்பதற்கு முன், நாலு பக்கமும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

5 மார்ச்

"கல்லிடைக்குறிச்சி நடராஜர் கதை தெரியுமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினார். அறம்வளர்த்தநாயகி கோயிலில் 1982இல் களவு போன நடராஜர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து 2019இல் ஊர் திரும்பினார். எதையும் பதிந்துவைத்தால்தான் நம்முடையது என்று என்றைக்காவது நிரூபிக்க முடியும்.

19 மார்ச்

சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி: "பழைய சுவர் மேல் சிமெண்ட் பூச்சு ஒரு கோட் கொடுத்தால் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும், சுண்ணாம்புக்கு எங்கே போவது?"

தம்பி, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் கணக்கு புதுச் சுவருக்குச் சரி. பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லை. உள்ளேயே நின்று உப்புப் பூத்து, செங்கல்லை மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் சுவர் கெட்டியாக இருக்கும். தட்டிப் பாருங்கள், டொப் டொப் என்று கேட்கும். எங்கள் வீட்டுத் தார்சா (முன்கூடம்) சுவரில் அப்படித்தான் ஆனது. ஆறு வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, பின்னாலேயே செங்கல்லும் செம்மண்ணாக உதிர்ந்தது.

எழுபது வயது தாண்டிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். "சிமிண்டு போட்டா இது மூச்சு முட்டிச் செத்துப்போவும்" என்றார். அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், ஆசைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கல்சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீற்றினார். அவசரமே படவில்லை, நாள்கணக்கில் ஊறவிட்டார். கடுக்காயை உடைத்து ஒரு பானையில், கருப்பட்டியை ஒரு பானையில் தனித்தனியே ஊறவைத்தார். சலித்த ஆற்றுமணலும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, அந்தத் தண்ணீரை விட்டு விட்டு மிதித்தார்கள். கரண்டியில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். பூசிய பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் பார்த்துக்கொண்டோம். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், மெதுவாகத்தான் இறுகும். வீட்டுக்குள் ஒரு மாதம் கருப்பட்டி வாசம். வேலை முடிந்து சுவரைத் தொட்டால் குளுகுளுவென்று இருந்தது, சின்ன வயதில் பாட்டி வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்த மாதிரி.

செலவு சிமெண்டைவிடக் கூடுதல்தான், மறைக்கவில்லை. பெரும்பகுதி கூலி. மானியம் தருகிற இடங்களில் மதிப்பீடு போடும்போதே 'சுண்ணாம்புக் காரை' என்று எழுத்தில் கேட்காவிட்டால் சிமெண்ட் மூட்டைதான் வந்து இறங்கும்.

20 மார்ச்

ஒரு சேர்க்கை. மண்டபத்துக் கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் கல்லையும் சேர்த்து நகர்த்தும். வெட்டி வெட்டி விட்டு, வேரைச் சாகவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

7 ஏப்ரல்

"கோயிலுக்கு மட்டும்தானா? எங்க ஊர் சர்ச் ஓடு பூரா சரிஞ்சு கிடக்கு" என்று ஒரு அக்கா. இருக்கிறது அக்கா. சொந்தக் கட்டடத்தில் நடக்கும் தேவாலயங்களைப் பழுதுபார்க்க மாநில அரசு உதவி உண்டு. பாளையங்கோட்டை பக்கம் அலைய வேண்டாம், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்தைக் கேளுங்கள். கட்டி 10 வருடமாவது ஆகியிருக்க வேண்டும், வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் ஒரு குறை எனக்குத் தீரவில்லை. வயதுக்குத் தக்கபடி தொகை ஏறுகிறது, அது 20 வருடத்தோடு நின்றுவிடுகிறது. 21 வருடக் கான்கிரீட் சர்ச்சும் 150 வருடம் பழைய சுண்ணாம்புச் சர்ச்சும் ஒரே படியில்தான். பழமையைக் காப்பதற்கென்று போட்ட திட்டம் இல்லை அது. இருந்தாலும் ஓடு மாற்ற உதவும், விடாதீர்கள். நாட்டு ஓடாக இருந்தால் நாட்டு ஓடே போடச் சொல்லுங்கள்.

28 ஏப்ரல்

பிள்ளைகளை லீவுக்குத் திருப்புடைமருதூர் கூட்டிப் போனேன். நாறும்பூநாதர் கோயில் ஐந்துநிலைக் கோபுரத்துக்குள் ஓவியங்களும் மரச் சிற்பங்களும். இருட்டில் டார்ச் அடிக்க அடிக்க ஒவ்வொன்றாய் எழுந்து வருகின்றன. யானைகள், குதிரைகள், கப்பல். சின்னவள் கேட்டாள்: "இதுக்கு யாரு பெயிண்ட் அடிக்கா?" யாரும் அடிக்காததால்தான் மிஞ்சியிருக்கிறது என்றேன். சில நூறு வருடம் பழைய சாயம். நன்றாகக் காக்க வேண்டியது எது என்று அங்கே நின்றபோது புரிந்தது. புதிதாக ஆக்குவது வேறு, இருப்பதை இருக்கவிடுவது வேறு. மானிய விண்ணப்பத்தில் முன்னதற்குத்தான் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

16 மே

மேலே கடைசியாகச் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அம்பாசமுத்திரம் கல்வெட்டைப் பற்றி முன்பே படித்திருந்தாலும் இப்போதுதான் உறைத்தது. 9ஆம் நூற்றாண்டு, வரகுண பாண்டியன். அன்றைக்கு இளங்கோக்குடி என்று பெயர். அந்த ஊர்ச் சபையார் கையில் கோயிலுக்காக 290 காசு கொடுக்கிறான். முதலைத் தொடக் கூடாது. காசுக்கு வருடம் 2 கலம் நெல் பொலி, அதாவது வட்டி, மொத்தம் 580 கலம். அதில்தான் வருடா வருடம் பூசைக்கான செலவு நடக்க வேண்டும்.

நமக்கு இன்று வருவது என்ன? ஒரே தடவை 2 லட்சம். சீக்கிரம் செலவழித்து ரசீது காட்ட வேண்டும். அவசரத்தில் டைல்ஸ்தான் வாங்க முடியும், சுண்ணாம்பு ஊற நேரம் ஏது? அடுத்த வருடம் அரசங்கன்று முளைத்தால் அதைக் கிள்ள 500 ரூபாய் எந்தத் தலைப்பிலும் இல்லை. கிள்ளாமல் விட்டு இருபது வருடம் கழித்து 20 லட்சம் கேட்கிறோம்.

எனக்கு மானியத்தின் மேல் கோபம் இல்லை, வேண்டும். ஆனால் கேட்கிற மானியத்தை மாற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஊர்ப் பெயரில் வைப்புத்தொகை, வட்டியில் வருடாந்தரப் பராமரிப்பு.

18 மே

"பேங்க் வட்டியில் என்ன ஆகும்" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 2 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 14 ஆயிரம். எங்கள் மண்டபத்துக்குக் கன்று வெட்ட, கூரை வாரி அடைக்க, ஒரு முறை சுண்ணாம்பு பூச அது தாராளம். கூலிக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

9 ஜூன்

இன்னொரு திருத்தம். குடிமராமத்து, நமக்கு நாமே என்ற இரண்டு அரசுத் திட்டங்களும் ஒன்று என்கிற தொனியில் ஒரு பதிலில் எழுதிவிட்டேன். இல்லை. 2017இல் மறுபடி தொடங்கிய குடிமராமத்து ஏரி, குளம், மடை, கலுங்குக்கானது. அதில் பாசனக்காரர்கள் பங்கு 10 சதவீதமாக இருந்தது, உழைப்பாகவும் தர முடிந்தது. நமக்கு நாமே ஊர்ப் பொதுச் சொத்துக்கு. அதில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. நீர்நிலை என்றால் பாதி. பழைய கல்மடை உள்ள குளத்தை மராமத்து செய்யும்போது அந்தக் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் மடைத்தூண்களில் எழுத்து இருப்பது புதிதல்ல.

23 ஜூன்

"கட்டடம் கட்டடம்னு பேசுதீங்க, கணியான் கூத்து என்னாகும்?" சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் மகுடம் என்ற பறையைக் கேட்டு வளர்ந்தவர் எழுதியிருக்கிறார், நியாயமான கேள்வி. உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று, இரண்டு மகுடம் சேர்ந்து அடிக்கும்போது வயிற்றுக்குள் அதிருமே, அதற்கு எந்தச் சுண்ணாம்பும் பூச முடியாது. நலிந்த கலைஞர்களுக்கு மாநில அரசு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. மத்திய அரசில் வழிவழிக் கலைகளைக் காக்க 2013இல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த அண்ணாவி (கூத்தில் முன்னின்று பாடுகிறவர்) ஒருவருக்கு விண்ணப்பம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பைசா சரி அண்ணாச்சி, கொடைக்குக் கூப்பிடச் சொல்லுங்க. பயலுவ அடிச்சுப் பழகணும்லா." இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. செட் போட்டுப் பாட்டு வைக்கிற கொடைக் கமிட்டிகள் யோசிக்கட்டும்.

5 ஆகஸ்ட்

நேற்று ஆடி அமாவாசை. படித்துறையில் தர்ப்பணத்துக்கு வந்த கூட்டத்திடம் மண்டபத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம், 212 கையெழுத்து. எல்லோருக்கும் அந்த மண்டபத்தில் ஒரு ஞாபகம் இருக்கிறது. ஒரு பெரியவர் நெல் அவிக்க வந்த காலத்தைச் சொன்னார். ஒரு பாட்டி சுமைதாங்கியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள், எதற்கு என்று கேட்கவில்லை.

16 ஆகஸ்ட்

கிராமசபையில் தீர்மானம் போட்டாச்சு. தீர்மான நகலில் சர்வே எண், அ-பதிவேட்டு வரி, போட்டோ, கொத்தனார் தந்த மதிப்பீடு நான்கும் சேர்த்து நீர்வளத் துறைக்கும் கலெக்டருக்கும் போனது. கல்லை அசைக்க அனுமதி வரும்வரை நாங்கள் அசைக்க மாட்டோம். கன்று வெட்டவும், அடிமண்ணுக்கு மணல்மூட்டை அடுக்கவும் வாய்மொழியாகச் சரி சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

3 நவம்பர்

எழுத்தில் வந்துவிட்டது. தூணை நிமிர்த்தத் துறையிலிருந்து ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். பணம் இன்னும் வரவில்லை. மழைக்கு முன்னால் மணல்மூட்டை 140 அடுக்கினோம். நமக்கு நாமேயில் மக்கள் தர வேண்டிய மூன்றில் ஒரு பங்குக்கான வசூல் முக்கால்வாசி சேர்ந்திருக்கிறது, அதைத் தொடாமல் வைப்பில் போட்டிருக்கிறோம்.

12 ஜனவரி 2025

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு. போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததை இங்கேயும் எழுதிவைக்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். உத்தரம் முழுக்க இத்துப்போகவில்லை, சுவருக்குள் செருகிய ஒன்றரை அடிதான். ஆசாரி உளியால் குத்திக் காட்டினார் அல்லவா, அதற்கு இந்தப் பக்கம் தேக்கு இரும்பு மாதிரி நிற்கிறது. கெட்ட முனையை மட்டும் அறுத்துப் புதுக்கட்டை கோத்துவிடலாம் என்கிறார். கூரை முழுவதையும் பிரிக்க வேண்டாம். ஒழுகியதற்குக் காரணம் உத்தரம் அல்ல, வாரிப்பலகை ஓரத்தில் நாலு ஓடு நகர்ந்தது. எலி நகர்த்தியிருக்கும், இல்லை பூனை.

பழைய உத்தரத்தில் உங்கள் தாத்தா காலத்து ஆசாரி போட்ட அடையாளம், மூன்று கோடும் ஒரு புள்ளியும், வெட்டுகிற பக்கத்தில் வராது. கேட்டு உறுதி செய்துகொண்டேன். தை பிறந்ததும் வேலையை ஆரம்பிக்கிறார், கல்சுண்ணாம்பு நான் சொல்லிவைக்கிறேன். நீங்கள் கடுக்காய் மட்டும் வாங்கி வையுங்கள்.